நிற்கும் அளவும் உட்காரும் அளவும்

அன்பு மகள் சில்லுக்கு,

இதை எழுதுகிறவன் உன் தகப்பன், இருபத்தாறு ஆண்டுகளாகக் கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் ஆய்வாளன்; எழுதும் நோக்கம் ஒன்றுதான், உன் கடந்த கடிதத்தின் கடைசி வரியில் நீ எனக்கு இட்டிருக்கும் கட்டளைக்கு நான் கீழ்ப்படியப் போவதில்லை என்பதைக் காரணங்களோடு தெரிவிப்பது. அதற்கு முன் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: நானும் உன் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த உலைப் புகைக்கும் சுத்தியல் சத்தத்துக்கும் நடுவில் நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வீட்டுச் செய்திகள் அதிகமில்லை. உன் அம்மா கண்ணாடி மாற்றிக்கொண்டாள், புதுக் கண்ணாடியை மாட்டி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, இத்தனை நாளா நீங்க இப்படியா இருந்தீங்க என்று கேட்டாள். குளியலறைக் குழாயைச் சரிசெய்யக் குழாய்க்காரர் மூன்றாம் முறையாக வந்து இனி ஒரு சொட்டு விழுந்தால் என் பேரை மாத்திக்கிறேன் என்று சொல்லிப் போனார், நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு விழுகிறது, எண்ணிப் பார்த்தேன். உன் தம்பி, அதாவது நம் வீட்டு டமாரம், தேர்வில் தேறிவிட்டான். உன் கடிதத்தை நான் சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டு அலுவலகம் போனது என் பிழை, அவன் அதைப் படித்தது அவன் பிழை, மாலைக்குள் செய்தி உன் பெரியப்பா வீட்டை எட்டியதற்கு அந்தப் பட்டப்பெயர் ஒன்றே போதுமான விளக்கம். எனவே, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கடைசி வரியில் நீ எழுதியதில் ஒரு பாதி என்னை மீறியே நடந்துவிட்டது, மறு பாதியை நானே தெரிந்து மீறப் போகிறேன்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் சரிபார்த்துக்கொள்கிறேன், தவறியிருந்தால் திருத்து. உங்கள் பட்டறையில் நான்காம் ஆண்டை முடிக்கிறவர்கள் கழுத்துப்பட்டையிலிருந்து முழங்கால் மூடிவரை ஒரு முழுக் கவசத்தைப் பிறர் கை படாமல் தாங்களே அடித்து முடித்துக் காட்ட வேண்டும். நாடகக் குழுக்களும் வாள் விளையாட்டுக்காரர்களும் அளவுகளைத் தபாலில் அனுப்பித்தான் உங்களுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்பதால், அணியப் போகிறவரை நேரில் பார்க்காமல் தாளில் வந்த எண்களை மட்டும் நம்பி அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. நீ அணிகிறவராக என்னைத் தேர்ந்தெடுத்து அளவுத் தாளை அனுப்பினாய், நான் நிரப்பி அனுப்பினேன். இரண்டு ஆண்டுகள், வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும், என் எண்களுக்குச் செதுக்கிய ஒரு மரப் பொம்மையின் மேல் வைத்து வைத்து அதை நீ அடித்திருக்கிறாய், பொம்மைக்குக் கச்சிதமாகப் பொருந்தியும் இருக்கிறது. ஆனால் மரத்துக்கு உட்காரத் தெரியாது. என் உடல்வாகு கொண்ட கிடங்குக்காரருக்கு மாட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னபோது மார்புத் தகட்டின் கீழ் விளிம்பு தொடையில் முட்டி மேல் விளிம்பு தொண்டைக்கு ஏறிவிட்டது, அவர், தாயே கழட்டிடு, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு என்று கும்பிட்டிருக்கிறார். உங்கள் பட்டறை உரிமையாளர் வந்து பார்த்து, கழுத்துப் பக்கம் மூன்று விரல் வெட்டிவிட்டு மேலே ஒரு பட்டை வைத்து ஆணி அறைந்துவிடு, பரிசோதனையில் பாதி மதிப்பெண்ணாவது வரும் என்றிருக்கிறார். நீயோ, வெட்டினால் அக்குள் வளைவும் மார்புத் திரட்சியும் இடம் மாறிவிடும், அது கவசமாக இருக்காது, கவசம் போன்ற ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, முப்பத்தெட்டுத் துண்டுகளையும் எண்ணெய்த் துணியில் தனித்தனியாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கி மேல் பரணில் ஏற்றிவிட்டாய். எப்படி நேர்ந்தது என்று அவர் கேட்டதற்கு, தாளிலிருந்து படியெடுக்கும்போது எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றிருக்கிறாய். அவர் பதிவேட்டில் உன் பெயருக்கு நேராக, தாள் அளவை நம்பி வேலை கொடுக்க இயலாதவர் என்று எழுதி, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உன்னை மெருகு அறைக்கு மாற்றியிருக்கிறார், அங்கே போனவர்கள் யாரும் மறுபடி உலைப் பக்கம் வந்ததில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் நடுவில், அப்பா, நிற்கிற அளவுக் கட்டத்திலும் உட்காருகிற அளவுக் கட்டத்திலும் ஒரே எண் இருந்தது, நான் கேட்டிருக்க வேண்டும் என்று மிக மெல்ல ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு மனிதனுக்கு ஓர் உடம்பு, ஓர் உடம்புக்கு ஓர் அளவு, நாற்காலியில் வைத்தால் ஒரு கிலோ குறையுமா என்று உன் அம்மாவிடம் வாதாடினேன். அவள் தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, நில்லுங்க என்றாள், நின்றேன், கழுத்துக் குழியிலிருந்து இடுப்பு மடிப்புவரை நாற்பத்தொரு சென்டிமீட்டர். உட்காருங்க என்றாள், சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தேன், முப்பத்தாறு. நாடா சரியில்லை என்று சொல்லி அலுவலகத்து இரும்பு நாடாவைக் கொண்டுவந்து மறுநாள் மீண்டும் அளக்கச் சொன்னேன், முப்பத்தைந்தரை. உன் தம்பி வாசற்படியில் நின்று, அப்பா, அஞ்சரை சென்டிமீட்டர் குறையுது, இதே ஒரு துணிக்கடையில குறைஞ்சிருந்தா நீங்க கடைக்காரர் மேல கேஸ் போட்டிருப்பீங்க என்றான். உன் அம்மா சிரித்த சிரிப்பில் புதுக் கண்ணாடி கீழே விழுந்தது. ஊர்த் தராசை எல்லாம் பிடிச்சீங்க, உங்க தொப்பை மட்டும் முத்திரை குத்தாமலே இத்தனை வருஷம் தப்பிச்சிடுச்சு என்றாள். நானும் சிரித்தேன், ஆனால் அடுத்த அறைக்குப் போய்க் கோப்பிலிருந்து உனக்கு அனுப்பிய தாளின் கார்பன் படியை எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாளில் நிற்கும்போது, உட்காரும்போது, கையைத் தூக்கும்போது, மூச்சை இழுக்கும்போது என்று நான்கு கட்டங்களை நீ தெளிவாகக் கோடு போட்டிருக்கிறாய். நான் முதல் கட்டத்துக்கு மட்டும் வயிற்றை உள்ளே இழுத்து, அணிவகுப்பில் நிற்பவன் போல விறைத்து நின்று, மில்லிமீட்டர் பிசகாமல் அளந்திருக்கிறேன், மற்ற மூன்று கட்டங்களிலும் அதே எண்ணை அழகான கையெழுத்தில் நிரப்பியிருக்கிறேன், கீழே சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறேன். அளக்காத அளவுக்குக் கையொப்பமிட்டதற்காக என் கீழ் வேலை செய்தவர்கள் இருவரை நான் இடைநீக்கம் செய்திருக்கிறேன், சில்லு.

ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா என்று தொடங்கினார். பொண்ணு இரும்ப அடிச்சு என்ன ஆகப்போகுது, இந்தக் காலத்துல எவன் சண்டைக்குக் கவசம் போட்டுக்கிட்டுப் போறான், ரெண்டு வருஷம் தட்டித் தட்டிக் கடைசியில பரண்ல ஏத்தியாச்சு, வரச் சொல்லு, என் நண்பன் நடத்துற போக்குவரத்து அலுவலகத்துல ரசீது எழுதுற இடம் காலியா இருக்கு, மின்விசிறிக்குக் கீழ உக்காந்து வேலை என்றார். அவர் பேசும்போது நான் குறுக்கே பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும், என் படிப்பையும் திருமணத்தையும் இந்த வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்தார், மூன்றுக்கும் தலையாட்டினேன். இந்த முறை, அண்ணே, அவள் தோற்கவில்லை, தப்பான அளவு கொடுத்தவன் நான், வேண்டுமானால் அந்த ரசீது எழுதுகிற வேலைக்கு ஓய்வுக்குப் பிறகு நான் வருகிறேன், அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவர், என்னடா எதிர்த்துப் பேசுற, உடம்பு சரியில்லையா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது அண்ணே, இரண்டு அளவில் இருக்கிறது என்றேன், அவருக்குப் புரியவில்லை, டமாரம் புரியவைத்தான். தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார், இன்றுவரை தொலைபேசி இல்லை, வரும், வராவிட்டாலும் சொன்னதை நான் திரும்பப் பெறமாட்டேன்.

கவசத்தை ஒதுக்கி வைத்ததைப் பற்றி நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், அதை ஏற்க மறுக்கிறேன், ஏனென்றால் மன்னிக்க அதில் ஒன்றுமில்லை. நீ படித்த அறைச் சுவரில், எடுத்த வேலையை முடிக்காமல் எழக் கூடாது என்று நான் எழுதி ஒட்டியது எனக்கு மறந்துவிடவில்லை. ஒன்பது வயதில் நீ தொடங்கிய அட்டைப் பாலம் நடுவில் தொய்ந்துவிட்டது என்று தெரிந்தும், உன்னை உட்காரவைத்துக் கடைசிக் கம்பிவரை ஒட்டவைத்தேன், ஒட்டி முடித்ததும் அது உடைந்தது, அப்போதும் முடித்தாயே என்றுதான் பாராட்டினேன், நீ என்னை ஒரு விதமாகப் பார்த்தாய். அந்த விதியை இன்றைய தேதியிட்டு ரத்து செய்கிறேன். என் துறையில் ஓர் எடைக்கல் குறைந்திருந்தால் முத்திரைக்குக் கொண்டுவராமலே அதன் அடியில் ஈயத்தை உருக்கி ஊற்றிச் சரிக்கட்டலாம், பார்த்தால் தெரியாது, பலர் செய்கிறார்கள், அப்படிச் செய்தவர்களைத்தான் நாங்கள் பிடிக்கிறோம், தனியே எடுத்து வைத்தவர்களை ஒருநாளும் பிடித்ததில்லை. ஒட்டுப்போட்டு மதிப்பெண் வாங்க மறுத்த கையைக் குற்றம் சொல்ல என் அண்ணனுக்கோ உங்கள் உரிமையாளருக்கோ எனக்கோ தகுதியில்லை. அந்தப் பெட்டியை நீ அடுத்த ஆண்டு திறந்தாலும் சரி, திறக்காமலே வேறொன்றைத் தொடங்கினாலும் சரி, எப்போது முடிப்பாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டோம், கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் அம்மாவைக் கொண்டு நான்கு கட்டத்துக்கும் மும்மூன்று முறை அளந்து புதிதாக ஒரு தாள் நிரப்பி வைத்திருக்கிறேன், இந்த முறை வயிற்றை இழுக்கவில்லை, அவள் விடவில்லை. அதை இத்துடன் அனுப்பவில்லை, அனுப்பினால் மறுபடி தொடங்கு என்று சொல்வது போல ஆகிவிடும், நீ கேட்டால் மட்டும் வரும்.

ஆனால் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைக்க உன்னை விடமாட்டேன். படியெடுக்கும்போது தப்பாக எழுதிவிட்டேன் என்று நீ சொன்னது பொய். உன் தகப்பன், அதிலும் அளவைத் துறைக்காரன், தவறான அளவு கொடுத்தான் என்று ஊர்பேர் தெரியாத மனிதர்கள் முன்னால் சொல்ல உனக்கு மனம் வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அந்த வரியைப் படித்துவிட்டு உன் அம்மா வெகுநேரம் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இருந்தாலும் கேள், என் பெயரைக் காப்பாற்ற உன் பெயரை மெருகு அறைக்கு அனுப்ப உனக்கு அதிகாரம் கிடையாது. ஒரே எண்ணை நான்கு கட்டத்தில் பார்த்தும் கேட்காமல் விட்டது உன் பங்கு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன், இனி யார் அனுப்பினாலும், எவ்வளவு பெரிய அதிகாரியின் கையொப்பம் இருந்தாலும், சந்தேகம் வந்தால் கேட்டு எழுது. மீதிப் பங்கு முழுவதும் என்னுடையது. தாள் அளவை நம்பி வேலை கொடுக்க இயலாதவர் என்று அந்தப் பதிவேட்டில் இருப்பது உண்மைக்கு மாறானது, தாளில் இருந்ததை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் செய்திருக்கிறாய், கெட்டது தாள்தான். உண்மைக்கு மாறான ஒரு பதிவு இருக்கிறது என்று தெரிந்தபிறகு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது, நீ அழுதாலும் சரி, மூன்று மாதம் எனக்குக் கடிதம் எழுதாவிட்டாலும் சரி. அவர் சிரிப்பார், அளவை ஆய்வாளரின் லட்சணத்தைப் பார் என்று பட்டறை முழுவதும் சொல்வார், சொல்லட்டும், அந்தச் சிரிப்பு எனக்குரியது, அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

கைமணிக்கட்டு இன்னும் வலிக்கிறதா என்று அம்மா கேட்கிறாள், இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடு, சுத்தியல் எடுக்கும்போது காதில் அடைப்பான் வைக்க மறக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. நீ தொட்ட இரும்பு உன் சொல் கேட்கட்டும், உன் கண்ணும் கையும் நூறாண்டு உறுதியாக இருக்கட்டும், யார் முன்னாலும் உன் தலை நிமிர்ந்தே இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் மனமார வாழ்த்துகிறோம். மாற்றம் முதல் தேதியிலிருந்து என்பதால் இடையில் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன, அதுவரை எந்தத் தாளிலும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதே, இது மட்டும் உத்தரவு.

இந்தக் கடிதத்தை ஒட்டியதும் அடுத்த தாளை எடுத்து, என் கையெழுத்தில் உள்ள கார்பன் படியை இணைத்து, பிழை என்னுடையது, பதிவைத் திருத்துங்கள் என்று என் முழுப் பெயரிலும் பதவியிலும் உங்கள் உரிமையாளருக்கு எழுதுகிறேன். இரண்டையும் ஒரே தபாலில் பதிவஞ்சலில் சேர்க்கிறேன். முதல் தேதிக்குள் அவரிடமிருந்து பதில் வராவிட்டால், விடுப்பு எடுத்துக்கொண்டு நானே வந்து, அந்தக் கவசத்தை அவர் முன்னால் மாட்டிக்கொண்டு, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தவறான அளவு கொடுத்த,
உன் அப்பா