கார் ஷெட் அறையை நானே காட்டிக் கொடுத்தேன்

அன்பு மகன் ஒஸ்மெலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை ஓடுகிறது, பழக்கம் அப்படி, ஆனால் இந்தத் தடவை அதை எழுதினால் பொய். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அந்த அலாஸ்காக் குளிரில் நின்றுகொண்டு பாதிக் கடிதத்தில் பதறாதே. நீ சுகம்தானே? கையுறை போட்டுக்கொண்டு மீன் வெட்டுகிறாயா, இல்லை வழக்கம் போல வெறும் கையோடு வீரம் காட்டுகிறாயா? நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், தெருவே உட்கார்ந்து கேட்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

வீட்டு இன்சூரன்ஸ் விஷயம் உனக்குத் தெரியும். வீடு பழசாகிவிட்டது, ஆள் அனுப்பிக் கூரை, மின்சாரம், குழாய், ஏசி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் புதுப்பிப்போம் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். புதுப்பிக்காவிட்டால் வீட்டுக் கடன் கொடுத்த வங்கி சும்மா இருக்காது, தானே விலை கூடின ஒரு இன்சூரன்ஸை எடுத்து நம் தலையில் கட்டிவிடும், அதைக் கட்ட உன் அப்பாவின் பென்ஷனுக்குச் சக்தி இல்லை, நான்கு வீடு தள்ளி இருந்த ரிகோபெர்த்தோ குடும்பம் அப்படித்தான் வீட்டை விட்டுக் கிளம்பியது. இதில் புயல் காலம் வேறு. கடலில் ஒரு புயலுக்குப் பேர் வைத்துவிட்டால் அது கடந்து போகிறவரை எந்தக் கம்பெனியும் புதிதாக இன்சூரன்ஸ் எழுதாது. டிவியில் ஒருத்தி தினமும் கையை ஆட்டி ஆட்டி ஆப்பிரிக்காப் பக்கம் ஒரு மேகத்தைக் காட்டுகிறாள், அவளைப் பார்த்தாலே நான் சேனலை மாற்றிவிடுகிறேன்.

கூரை பயமில்லை, போன புயலுக்குப் பிறகு மாற்றினோம். பயமெல்லாம் கார் ஷெட்டைப் பற்றித்தான். நம் ஊர் ஹயலியாவில் கார் ஷெட்டில் காரை நிறுத்துகிறவன் யார் இருக்கிறான் சொல்லு, எல்லார் ஷெட்டிலும் ஒரு சொந்தக்காரர் நிற்கிறார். நம் ஷெட்டில் உன்னைப் பெற்ற மிக்தாலியா. நீ பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, நம் சொந்த நாட்டில் கமகுவே ஊரிலிருந்து வரவழைத்தாய், கட்டில் போட்டுக் கொடுத்தாய், நீ பாட்டுக்கு வடக்கே போய்விட்டாய், இரண்டு வருஷமாக நானும் அவளும் ஒரே கொடியில் துணி காயப் போடுகிறோம். என் கணவனின் முதல் பெண்டாட்டியோடு! அந்த அறைக்கு உன் அப்பா யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, துணி துவைக்கிற மெஷினுக்குப் போகிற கம்பியிலிருந்து திருகி எடுத்து ஒரு ஏசி, ஒரு மின் அடுப்பு, ஒரு விளக்கு என்று ஓட்டிவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும், ஏழு வயதிலிருந்து கம்பி பிடிக்கிறேன் என்பார். பஸ் ஓட்டின மனிதர்.

ஆகவே பார்வையிட வருகிறவர்களுக்கு அந்த அறையே தெரியக்கூடாது என்று திட்டம். வெளிக்கதவைத் தூக்கினால் அட்டைப்பெட்டி, சைக்கிள், கிறிஸ்துமஸ் மரம், அதற்குப் பின்னால் பலகைச் சுவர், சாமான் அறை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அறைக்குப் போகிற பக்கவாட்டுக் கதவை மறைத்து உன் பழைய அலமாரியை இழுத்துப் போட்டோம். மிக்தாலியாவை எங்கே வைப்பது என்றுதான் சண்டை. கடைசியில் அவள் விருந்தாளியாக முன்னறையில் உட்காருவது என்று முடிவாயிற்று. நல்ல கவுன், காதில் தொங்கல், மடியில் கைப்பை, சோபா நுனியில் அவள் உட்கார்ந்திருந்த தோரணையை நீ பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு அழகா வீட்டை வச்சிருக்கே நெரெய்தா, நான் இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு பாரு, என்றாள். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவள் ஒரு பெண், ஒலிம்பியா என்று பேர், நிகராகுவாக்காரி, காலில் பூட்ஸ், தோளில் ஏணி. காபியும் கொய்யாப் பேஸ்ட்ரியும் வைத்தேன், வேலை முடியட்டும்மா, என்று சொல்லிவிட்டு நேரே கூரைக்கு ஏறிவிட்டாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் எடுத்தாள், நான் பின்னாலேயே அலைந்தேன். பரணில் கூரைச் சட்டத்தைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டையில் ஆணி எத்தனை என்றுகூட எண்ணினாள். மின்சாரப் பெட்டியைத் திறந்தபோது உன் அப்பா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு விசிலடித்தார், அவர் விசிலடித்தாலே திருட்டுத்தனம் என்று ஊருக்கே தெரியும், பாவம் அவளுக்குத் தெரியாது. பெட்டியில் குறை ஒன்றுமில்லை. ஷெட் கதவைத் தூக்கினோம், இவ்ளோ சாமானா, எங்க வீடும் இப்படித்தான், என்று சிரித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு இறக்கிவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. உன் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

முன்னறைக்கு வந்து உட்கார்ந்து ஆறின காபியைக் குடித்துக்கொண்டே, எல்லா வீட்டுலயும் கேக்குறதுதான், விளக்கு மினுக்குதா, சுவர் எங்கயாவது சூடா இருக்கா, கருகுற வாசனை ஏதாவது வருதா, என்று கேட்டாள். அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது, என்றார் உன் அப்பா, கேள்வி முடிகிறதற்குள். நான் மிக்தாலியாவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். போன வாரம் துணி காயப் போடும்போது அவள்தான் என்னிடம் சொன்னாள், என் தலமாட்டுச் சுவரு சுடுதுடி, சீப்பு எரிஞ்ச மாதிரி நாத்தம், என்று. நீ பொரிக்கிற வாழைக்காய் நாத்தம்தான், என்று சொல்லிவிட்டு நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அந்த நாற்றத்தைச் சொன்னால் அவள் அறை போய்விடும், அதனால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். சுடுகிற சுவரில் தலை வைத்துப் படுக்கத் தயாராகிவிட்டாள், மகனே, ஒரு அறைக்காக. ஒலிம்பியா எழுந்து ஏணியை எடுத்தாள். இன்னும் ஒரு ரூம் இருக்கும்மா, வந்து பாருங்க, என்று சொன்னது நான்தான். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

உன் அப்பா, வாயை மூடு நெரெய்தா, உனக்கு என்ன பைத்தியமா, என்று கத்தினார். நான் தனியாகவே அலமாரியைத் தள்ளினேன். அந்தப் பெண் மிக்தாலியாவின் கட்டிலை நகர்த்திச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் மூடியைக் கழற்றினாள். உள்ளே கம்பி திருகின இடத்தில் உறை உருகி ஒழுகியிருந்தது, பக்கத்து மரச் சட்டம் கரியாகியிருந்தது, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. இன்னைக்கு ராத்திரி இங்க யாரும் படுக்கக் கூடாது, என்றாள். பிறகு என்னைப் பார்த்து, பார்த்ததை நான் எழுதித்தான் ஆகணும்மா, மறைக்க முடியாது, என்றாள், அவள் முகமும் வாடிவிட்டது. உன் அப்பா அந்தக் கரியைப் பார்த்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அறையைப் பிரித்து, உரிமம் உள்ள ஆளை வைத்துக் கம்பியை மாற்றி, மறுபடி காட்டினால் கம்பெனி யோசிக்குமாம். இப்போது இரண்டுங்கெட்டானாக நிற்கிறோம், புயலுக்கு அதற்குள் பேர் வைத்துவிடாமல் இருக்க வேண்டும். உன் அப்பா அறையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். என் பக்கம் திரும்புவதுகூட இல்லை. கோபம் என்மேல் இல்லை, அவருக்கு அவர் கைமேல்தான் கோபம், எனக்குத் தெரியும்.

அதெல்லாம் சரியாகிவிடும், வீடு நிலைத்தால் நிலைக்கும். நான் உனக்கு எழுத வந்தது மிக்தாலியாவைப் பற்றி. ஒலிம்பியா வாசலைத் தாண்டினதும் அவள் என் முன்னால் வந்து நின்றாள். இதுக்குத்தானேடி ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருந்தே, சட்டத்தைக் கூட்டிட்டு வந்து என்னை வெளியே தள்ளிட்டே, சபாஷ், என்றாள். அவளை ஷெட்டிலிருந்து கிளப்ப வேண்டும் என்று நான் நினைக்காத நாள் உண்டா? உன்னிடமே எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதற்காகச் செய்யவில்லை, அதை யார் நம்புவார்கள், எதிர்வீட்டுக்காரிகூட என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள். உள்ளே வா, ஒஸ்மெல் ரூம் காலியாத்தான் கிடக்கு, என்றேன். உன் வீட்டுக்குள்ள நான் விருந்தாளியா வந்தது ஒரு நாள் போதும், என்றாள். பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுக்கிறாள். குளிக்க மட்டும் உள்ளே வருகிறாள். கறுப்பு பீன்ஸும் சோறும் தட்டில் போட்டு வைத்தால் தொடுவதில்லை, உன் அப்பா கொண்டுபோனால் தின்கிறாள். கொசு பிடுங்குகிறது, புழுக்கம் தாங்கவில்லை, அந்தத் தகரம் புயலுக்கு முதலில் பறக்கும்.

என்னால் ஆகாது, நீதான் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. நான் எழுதினதாகச் சொல்லாதே, அப்பா சொன்னதாகச் சொல்லு. அது என் அறை, நெரெய்தா கொடுக்கிற பிச்சை இல்லை, மகன் வீடு என்று நினைத்து உள்ளே போ என்று சொல்லு. நாலு வயதில் உன்னை என் இடுப்பில் வாங்கின நாளிலிருந்து நீ எனக்கு மட்டும்தான் மகன் என்று சொல்லி, அவள் பேச்சுக்கே இந்த வீட்டில் இடம் கொடுக்காமல் இருந்தவள் நான், உனக்கே தெரியும், அவள் உன்னைப் பற்றிப் பேசினால் பாத்திரத்தை உருட்டுவேன். இப்போது நானே சொல்கிறேன், அவளை அம்மா என்று கூப்பிடு. தயங்காமல், இரண்டு மூன்று தடவை கூப்பிடு. அதற்குத்தான் அவள் எழுந்து உள்ளே வருவாள், வேறு எதற்கும் வர மாட்டாள்.

கோப்ரே மாதா உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும், நல்ல பெண் ஒருத்தி உனக்கு அமையட்டும், தின்ன மறக்காதே. ஞாயிறு, மறந்துவிடாதே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மாக்களில் ஒருத்தி,
நெரெய்தா