அப்பாவோட லாரிக்கு விழுந்த பூட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுறேன். நீ உடம்பும் மனசும் நல்லா இருக்கணும். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். போன தடவை இதே வரியை ஒப்புக்குத்தான் எழுதினேன், இந்தத் தடவை நிஜமாவே நல்லா இருக்கோம். அப்பா காலையில எழுந்ததும் தானே சட்டையை மாட்டிக்கிட்டு, பட்டனை இடது கையாலயே ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்து லாரியை எடுத்துட்டார். ஹாரன் சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் இதை எழுதுறேன். முன்னாடியெல்லாம் அது கேட்டா எரிச்சலா வரும், இப்போ இன்னும் ரெண்டு தடவை அடிக்கட்டுமேன்னு இருக்கு.

நீ கேக்கப் பயந்து, நான் சொல்லப் பயந்து, போன்ல ரெண்டு பேரும் மழையையும் வெயிலையும் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம் பாரு, அதனால நடந்ததை ஆரம்பத்துல இருந்தே எழுதிடுறேன். பாதி உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனாலும் கேளு. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததுக்கு அப்புறம் அப்பா எப்படி இருந்தார்னு உனக்கே தெரியும், வாழ்நாள் முழுக்க சரக்கு லாரி ஓட்டின மனுஷன் ஜன்னலோரமா உக்காந்து தெருவுல போற வண்டிக்கெல்லாம் கியர் மாத்தத் தெரியலைன்னு குறை சொல்லிக்கிட்டு இருந்தார். நீ லீவுல வந்து அந்த லாரி ஓட்டுற கேமைப் போட்டுக் குடுத்தே, அதுக்கு ரெண்டு கையும் வேணும்னு தெரிஞ்சதும் தேடித் தேடி அந்த மாட்டைக் கண்டுபிடிச்சு ஏத்திக் குடுத்தே. கேம் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆளு, அந்தக் கேம் மேல இருக்கிற ஆசையில தானா செஞ்சு போட்ட மாற்றம்தான் மாட்னு அப்போ நீ எனக்கு விளக்கினே, எனக்குப் பாதிதான் புரிஞ்சது. பிரேக், கியர், ஹாரன், கண்ணாடி எல்லாத்தையும் ஒரே கையில எட்டுற மாதிரி அவர் மாத்தி வெச்சிருந்தார். அவர் நிஜப் பேரு யாருக்கும் தெரியாது, அந்தக் கேம் ஆடுறவங்க குரூப்ல எல்லாருக்கும் அவர் ஒத்தக்கையார்தான். அதுக்கப்புறம் அப்பா டூட்டிக்குப் போற மாதிரி நேரத்துக்கு எழுந்தார், ஷேவ் பண்ணிக்கிட்டார், சரக்கு ஏத்தணும் சீக்கிரம் டீ குடுன்னு என்னை விரட்டினார். எனக்கு அதுவே போதும்னு இருந்தது.

அப்படி ஓடிக்கிட்டிருந்தப்போதான் ஒத்தக்கையார் குரூப்ல ஒரு அறிவிப்பு போட்டார், இனிமே மாட்டைப் புதுப்பிச்சுக் குடுக்கணும்னா மாசாமாசம் காசு கட்டணும், கட்டினவங்களுக்கு மட்டும்தான் திறக்கும்னு. உங்கப்பாவுக்கு வந்த கோபம் இருக்கே, வீடே ரெண்டாச்சு. எவனோ செஞ்ச லாரிக்குள்ள நாலு சுவிட்சை இடம் மாத்தி வெச்சிட்டு லாரிக்கே வாடகை கேக்குறான்னு கத்தினார். குரூப்லயும் அதையே எழுதிட்டார், கூடவே இன்னும் ரெண்டு வார்த்தை, அதை நான் இங்க எழுத மாட்டேன். கொஞ்ச நாள்ல கம்பெனிக்காரங்க கேமை மாத்தி விட்டாங்க, பழைய மாட் செத்துப்போச்சு, லாரி நின்ன இடத்துல நின்னுடுச்சு. மாட் போச்சு மாட் போச்சுன்னு அப்பா போட்ட சத்தத்துல மாடிவீட்டு அக்கா இறங்கி ஓடிவந்து, இந்த வீட்டுல மாடு எங்க கட்டியிருந்தீங்கன்னு கேட்டாங்க. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல, இப்போ நினைச்சா அடக்க முடியல.

நீ நல்ல மனசோடதான் எங்ககிட்ட சொல்லாம அங்க இருந்தே காசைக் கட்டினே. ஆனா கட்டினதுக்கான ரசீது நேரா அப்பா கண்ணுல பட்டுடுச்சு, அவரோட கம்ப்யூட்டருக்குத்தானே வரும், அதை நாம ரெண்டு பேருமே யோசிக்கல. போன்ல உன்கிட்ட எனக்குப் பிச்சை போடுறியான்னு கேட்டுட்டு வெச்சாரே, அதுக்கப்புறம் கேமையும் தொடல, உன் பேரு வந்தா எழுந்து வேற ரூமுக்குப் போயிடுவார். நீ எத்தனை தடவை கூப்பிட்டே, ஒவ்வொரு தடவையும் குளிக்கிறார், தூங்குறார்னு நான் சொன்னேன். நீ நம்பலைன்னு எனக்குத் தெரியும். வெச்சதுக்கப்புறம் நான் அழுதது உனக்குத் தெரியாது, விடு.

வீட்டுல தனியா விட்டா சுவத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறாரேன்னு என்கூட என் தையல் கடைக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன். கடைன்னா என்ன, உனக்குத்தான் தெரியுமே, மெஷினும் இஸ்திரி மேசையும் போக ரெண்டு பேர் நின்னா மூச்சு முட்டும். மூலையில ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சேன். பிரிச்ச நூலைப் பொறுக்கிப் போடுறது, ஊசி டப்பாவை மூடி வைக்கிறதுன்னு ஏதோ பண்ணிக்கிட்டிருந்தார். ஒரு நாள் ஆபீஸ்காரர் ஒருத்தர் விலை உயர்ந்த கோட்டு ஒண்ணைத் திருப்பி வாங்க வந்தார். தோள் இறக்கி, கையைக் குறைச்சு, உள்துணியைப் பிரிச்சு மறுபடி தைச்சுன்னு அதுல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் போட்டுப் பாத்தார், கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாத்தார், அளவெடுத்த மாதிரி இருக்குன்னு சொன்னார். கூலியைச் சொன்னதும் முகம் மாறிடுச்சு. கோட்டு என்னோடது, தைச்சது அந்தப் பெரிய கம்பெனி, நீங்க சும்மா அங்கங்க பிடிச்சதுக்கு இவ்வளவான்னு கேட்டார். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மூலையில இருந்து அப்பா எழுந்துட்டார். சார், அந்தப் பெரிய கம்பெனி உங்க தோளைப் பாத்தா தைச்சது, இவங்கதானே பாத்துத் தைச்சாங்க, வேணும்னா பழையபடி பிரிச்சுக் குடுத்துடச் சொல்றேன், அப்படியே மாட்டிக்கிட்டுப் போங்கன்னு ஒரே போடா போட்டார். அந்த ஆளு காசை எண்ணி வெச்சிட்டுப் போயிட்டார். அப்பா ஸ்டூல்ல உக்காந்து மறுபடி நூலைப் பொறுக்க ஆரம்பிச்சிட்டார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்ல, திரும்பினா சிரிச்சிருப்பேன், அப்புறம் எல்லாம் கெட்டிருக்கும். வீட்டுக்கு நடந்து வர்றப்போ பாதி வழியில, நான் அந்த ஒத்தக்கையாரை ரொம்பப் பேசிட்டேன் இல்லன்னு கேட்டார். ஆமான்னேன், அவ்வளவுதான்.

அன்னைக்கே அவருக்கு எழுதினார், அப்பா சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிச்சேன். மன்னிச்சுக்கங்கன்னு சொல்ல இந்த மனுஷனுக்கு எத்தனை சுத்து வழி தெரியுதுன்னு அப்போதான் பாத்தேன். ஒத்தக்கையார் மறுநாளே நீளமா பதில் போட்டிருந்தார். அவர் அச்சகத்துல வேலை பாத்தவராம், மெஷின்ல கை போயிடுச்சாம், தனக்காகச் செஞ்சதைத்தான் போனா போகுதுன்னு எல்லாருக்கும் குடுத்தாராம். முதல்ல நன்றின்னாங்க, அப்புறம் அது வேணும் இது வேணும்னாங்க, அப்புறம் ஏன் இன்னும் வரலைன்னு திட்டினாங்க. கேம் ஒவ்வொரு தடவை மாறும்போதும் இவர் வேலைக்கு லீவு போட்டுட்டு உக்காந்து சரி பண்ணியிருக்கார். வீட்டுக்காரம்மா, ஊருக்கெல்லாம் உழைக்கிறீங்க, வீட்டுக்குள்ள ஒழுகுற குழாயைப் பாக்க நேரமில்லையான்னு கேட்டாங்களாம், அதுக்கப்புறம்தான் காசு கேட்டாராம். அப்பா இதைப் படிச்சிட்டு, நானும் காலி லாரியில வரும்போது தெரிஞ்சவங்க சாமானையெல்லாம் சும்மா ஏத்திட்டு வந்து லேட்டாச்சுன்னு திட்டு வாங்கினவன்தானேன்னு சொன்னார். நீ கட்டின காசுல வந்த மாட்டை அப்பவே போட்டு ஓட்ட ஆரம்பிச்சிட்டார், ஆனா உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டார். வீராப்பு யாரை விட்டது, உன்கிட்டயும் அது நிறையவே இருக்கு.

அப்பாடான்னு நான் மூச்சு விட்ட நேரத்துல அடுத்த இடி. கேம் கம்பெனி ஒத்தக்கையாருக்கு நோட்டீஸ் அனுப்பிடுச்சு, எங்க கேமை வெச்சு நீங்க வியாபாரம் பண்ணக் கூடாது, உடனே எடுத்துடணும்னு. அவரும் பயந்துபோய் எல்லாத்தையும் எடுத்துட்டார். அடுத்த தடவை கேமை மாத்தினா அத்தனை பேரோட லாரியும் நின்னுடும். குரூப்ல ஒருத்தர் எனக்கு வெளி உலகமே இதுதான்னு எழுதியிருந்தார், அதைப் படிச்சிட்டு அப்பா சாப்பாட்டைப் பாதியில வெச்சிட்டார். அப்புறம் கம்பெனிக்கு நான் எழுதுறேன், நீ அடின்னு உக்காந்தார். அவர் சொன்னதை அப்படியே உனக்கு எழுதுறேன். "நான் ஓட்டின லாரி முதலாளியோடது. சீட்டு என் முதுகுக்கு ஒத்துவரலைன்னு மாத்திப் போட்டேன், முதலாளி ஒண்ணும் சொல்லல, சரக்கு போய்ச் சேந்துதா, அதுதான் அவருக்கு வேணும். உங்க லாரி உங்களோடதுதான், யாரும் தூக்கிட்டுப் போகப் போறதில்ல. இந்த மனுஷர் எங்களுக்கு சீட்டை மாத்திப் போட்டுக் குடுத்தார். அதைப் பிடுங்கிட்டா நாங்க ரோட்டோரமா இறங்கி நிக்கணும்." அடிச்சிக்கிட்டிருந்தப்போ எனக்கு எழுத்தே தெரியல, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். இவரைப் பாத்து குரூப்ல இருந்தவங்களும் ஆளுக்கொண்ணு எழுதினாங்க.

பதிலே வராதுன்னுதான் நான் நினைச்சேன். போன மாசம் வந்தது கண்ணு. பூட்டுப் போட்டு விக்கக் கூடாது, அதுல மாத்தமில்ல, ஆனா எல்லாருக்கும் திறந்து வெச்சா மாட் இருக்கலாம், பிடிச்சவங்க அவருக்கு இஷ்டப்பட்டதைக் குடுத்துக்கலாம், இனிமே கேமை மாத்துறதுக்கு முன்னாடியே அவருக்கு அனுப்பிடுவோம், அவசர அவசரமா உக்கார வேண்டாம்னு எழுதியிருந்தாங்க. கட்டணமா வாங்கினப்போ வந்ததைவிட ஒத்தக்கையாருக்குக் கொஞ்சம் குறைச்சல்தான் வருதாம், ஆனா திட்டு நின்னுடுச்சாம், குழாயையும் மாத்திட்டாராம். காசு கேட்டது சரிதான்னு நான் சொல்றேன், கேட்டது சரி பூட்டினது தப்புன்னு அப்பா சொல்றார், இது எங்களுக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, நீ நடுவுல வராதே. நீ இனிமே எதுவும் கட்ட வேண்டாம். என் லாரிக்கு டீசல் நான் போட்டுக்கிறேன்னு பென்ஷன்ல இருந்து அவரே இந்த மாசமே அனுப்ப ஆரம்பிச்சிட்டார்.

வேற சேதின்னு பெருசா இல்ல. உன் சித்தி பொண்ணுக்கு வேலை கிடைச்சாச்சு, சித்தி இப்போ ஊர்ல எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கிட்டிருக்கா. தையல் மெஷின் பெல்ட்டை மாத்தினேன், சத்தமே இல்லாம ஓடுது. அப்பாவுக்கு பிரஷர் சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஷிப்டு முடிஞ்சு வந்து பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுக்காதே. தலைவலின்னியே, கண் டாக்டரைப் பாத்தியா இல்லையா, தள்ளிப் போடாதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, அப்பாதான் எடுப்பார். பழசை எதையும் நீ எடுக்காதே, லாரி எப்படி ஓடுதுன்னு மட்டும் கேளு, மிச்சத்தை அவர் பாத்துப்பார்.

எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் எப்பவும் உன் பின்னாடியே இருக்கு, நீ நல்லா இருந்தா நாங்க நல்லா இருப்போம்.

இப்படிக்கு
உன் அம்மா

பி.கு. அம்மா எழுதினதைப் படிச்சேன், கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கா. பிச்சைன்னு நான் சொன்னது தப்பு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ காத்திருக்க வேண்டாம், அதுக்கு முன்னாடியே நானே கூப்பிடுறேன், எடு. எழுத்து கோணலா இருக்கும், இடது கை இப்போதான் பழகுது.
அப்பா