டீ பெஞ்சை இழுத்துப் போட்டவன்

இன்று காலை என் மஞ்சக்குப்பம் கடையில் மெக்கானிக் ஒரு பழைய ஜெனரேட்டரின் பாகங்களை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார். வாசனை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய், மச்சான். விமானப்படையிலிருந்து லீவில் சிதம்பரம் வந்தால் உன் பெட்டியைத் திறந்ததும் இதே வாசனைதான். போர் விமானத்துக்கு ஊற்றுவதும் ஒருவகை மண்ணெண்ணெய்தான் என்றாய். அப்படியானால் ரேஷனில் வாங்கி ஊற்றுங்களேன் என்று கேலி செய்தேன்.

எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்துப் புகையைக் குறைப்பது உன் வேலை. எரிபொருளைத் தூவும் முனைகளில் கரி அடைத்தால் சரியாக எரியாது, கரும்புகை கக்கும். கழற்றிக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஓட்டுவாய். புகை தெரிந்தால் எதிரி விமானத்தைக் கண்டுபிடித்துவிடுவான் என்பது அதிகாரிகளின் கவலை. உனக்கு, பக்கத்தில் நின்று மூச்சு விடுகிறவனைப் பற்றிய கவலை.

பிறகு புது எஞ்சின் வந்தது. புகை கண்ணுக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், தூரத்து மரத்தடியில் கிடந்த டீ பெஞ்சை நீயே எஞ்சின் ஓட்டிப் பார்க்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாய். எல்லோரும் பல வருஷம் அங்கேயே டீ குடித்தீர்கள்.

ரிட்டையராகி மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் இதைச் சொன்னாய். மூச்சிரைப்புக்குக் காரணம் அந்த எஞ்சின்தான் என்று டாக்டரும் சொல்லவில்லை, நீயும் அடித்துச் சொல்லவில்லை.

"புது எஞ்சின்ல கண்ணுக்குத் தெரியாத தூசு ஜாஸ்தி மச்சான். புகையக் கொறச்சேன், சரி. பெஞ்ச நான்தான இழுத்தேன்?"

உன்னிடம் வேலை பார்த்தவர்களுக்குப் போன் மேல் போன் போட்டாய். பெஞ்சைத் தள்ளிப் போடுங்கள், தரையில் எஞ்சின் ஓடும் நேரத்தைக் குறையுங்கள் என்று. இப்போதுதான் புகையே இல்லையே சார் என்று சிரித்தார்களாம்.

உன் காரியத்துக்கு அவர்களில் ஒருவர் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பெஞ்ச மரத்தடிக்கே கொண்டு போயிட்டோம் பாய்" என்றார். எப்போது என்று கேட்டேன். சார் போன மறுநாள் என்றார்.

நீ சொன்ன நாளிலிருந்து, ஜெனரேட்டர் வாங்க வருகிறவரிடம் விலைக்கு முன்னால் அதை எங்கே வைப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன். வியாபாரத்துக்கு ஆகாத கேள்வி. நேற்று செம்மண்டலத்துக்காரர் ஒருவர், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே என்றார். கூடாது என்றேன். புகை விடாத மெஷின்தானே என்று முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

முன்பெல்லாம் இப்படி ஒரு ஆள் கை நழுவினால் உடனே உனக்குப் போன் போட்டு, "உன்னாலதான்டா யாவாரம் போச்சு" என்று திட்டுவேன். நீ இருமிக்கொண்டே சிரிப்பாய். நேற்று கடையை மூடும்வரை நான் யாரையும் திட்டவில்லை.