மகன் பார்த்து வைத்திருக்கும் ஊர்

ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி

இன்று கோயிலில் திருநீறு தரும்போது ஐயர் கேட்டார். "மகனின்ர புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறிச்சுக் குடுத்தனான். சரிவருமோ அம்மா?"

எந்த வீடு என்றே எனக்குத் தெரியாது. வெட்கத்தில் "ஓம் ஐயா" என்றுவிட்டு மல்வேர்னில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வந்ததும் மகனைக் கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் ஃபோனை நீட்டினான். அமெரிக்காவில் ஒரு சின்ன நகரமாம். அங்கே கார்ச் சாமான் செய்கிற பக்டரியில் அவனுக்கு வேலையாம், வீடும் வாங்கியாச்சாம். சனத்தொகை, சம்பளம், வீட்டு விலை என்று எல்லாம் கோடு கோடாகப் போட்டிருந்தது.

"எங்கட சனம் எவ்வளவு?"

"ஆசியாக்காரர் எண்டு ஒரு சின்னக் கோடு கிடக்கு அம்மா."

"அந்தக் கோட்டுக்குள்ள நானும் நிக்கிறனோ?"

மருமகள்தான் பதில் சொன்னாள். "மாமி, உங்களுக்கு அங்க விசா சரிவராது. பிக்கரிங்கில இருக்கிற மச்சாள் உங்களை வைச்சிருக்க ஓம் எண்டிட்டா."

என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்ட நேரம், "அம்மா இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது" என்று கடிதம் போட்டவன் இவன். எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

பிறகு பிக்கரிங்கில் இருக்கும் மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள். "அம்மா, உங்களுக்கெண்டு கீழ் அறைக்குப் பெயின்ற் அடிச்சு முடிச்சிட்டம்."

"எப்ப அடிச்சனீங்கள்?"

"போன மாசம்."

போன மாதம் இங்கே வந்து, என் கையால் பிட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனவள்.

என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.