வெள்ளம் தொடாத பக்கம்

அனுப்புநர்
கொ. அறிவுமதி,
பதிவறைப் பொறுப்பாளர்,
கெடிலக்கரைப் பழம்பதிவுக் காப்பகம்,
கடலூர்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கெடிலக்கரைப் பழம்பதிவுக் காப்பகம்,
தலைமை அலுவலகம், சிதம்பரம்.

பொருள்: 1911ஆம் ஆண்டுக் கங்காணிப் பேரேட்டின் முதல் பக்கத்தைப் பாழாக்கி, பழியை வெள்ளத்தின் மேல் போட்ட ஊழியர் மீது புகார் – அந்த ஊழியர் நானே – இன்றே உத்தரவு வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: பினாங்குக் காப்பகத்துக்கு நாம் அனுப்பிய கடிதம், நாள் 20.01.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பதிவறையின் சாவி என்னிடம் இருக்கிறது. இதுவரை பிறர் மீதுதான் புகார் எழுதியிருக்கிறேன். என் மீதே எழுத இன்று உட்கார்ந்து நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

2. நம்மோடு ஒரே வெள்ளைக்கார ஆட்சியின் கீழ் இருந்த மலேசியா, இலங்கை, மொரீசியசு, பிஜி ஆகிய நாடுகளின் காப்பகத்தாரோடு நாம் பழம்பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதைத் தாங்கள் அறிவீர்கள். நம் சனங்கள் புறப்பட்ட கணக்கு நம்மிடம் இருக்கிறது, போய் இறங்கிய கணக்கு அவர்களிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு மனிதன் முழுதாகக் கிடைப்பான். இதை ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியவனும் நான்தான்.

3. முதலில் படமெடுக்க வேண்டியது, மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணியின் 1911ஆம் ஆண்டுப் பேரேடு என்று முடிவாயிற்று. நல்ல காரியம் தொடங்குகிறதே என்று, சென்ற ஆயுத பூசையன்று அதைப் பூசைக்கு வைத்தேன். அட்டையில் ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். புதுக் கணக்கு நோட்டுக்குச் செய்வது போல முதல் பக்கத்தைத் திறந்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, ஈரம் காயுமுன்னே மூடிவிட்டேன். "ஈரக்கையோடு தொடாதீர்" என்று சுவரில் எழுதி ஒட்டியதும் இதே கைதான் ஐயா.

4. சனவரியில் பினாங்குக் காப்பகத்தைச் சேர்ந்த திரு. கார்த்திகேசன் அந்தப் பக்கத்தைக் கேட்டு எழுதினார். அங்குள்ள ஓய்வுபெற்ற செவிலியர் புஷ்பவள்ளி அம்மாளின் தாத்தா அய்யனார், அந்தக் கங்காணியோடு கப்பலேறியவர். அவர்கள் பதிவில் "சிதம்பரம் தாலுகா" என்பதோடு நின்றுவிடுகிறது. ஊர்ப் பெயர் நம் பேரேட்டில் மட்டுமே இருக்கிறது. நான் திறந்து பார்த்தபோது ஏழாம் வரிசையில் அய்யனார் இருந்தார். ஊர்ப் பெயருக்குரிய கட்டத்தின் மேல் என் சந்தனம் காய்ந்து ஓடாக இறுகிக் கிடந்தது.

5. அப்போதே சொல்லியிருக்கலாம். மாறாக, "டிசம்பர் வெள்ளத்தில் அப்பக்கம் அழிந்துவிட்டது" என்று கடிதம் தயாரித்தேன். பதிவறை மாடியில் இருக்கிறது, தண்ணீர் ஒரு படிகூட ஏறவில்லை. தாங்கள் பொறுப்பேற்று மூன்றே நாள் ஆகியிருந்ததால், என்னை நம்பிக் கையொப்பமிட்டீர்கள். என் பொய்க்குத் தங்கள் கையெழுத்தை வாங்கியதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

6. அதன்பின் நடந்ததுதான் என்னைக் கொல்கிறது. திரு. கார்த்திகேசன் நம் "இழப்பை" எல்லா நாட்டாருக்கும் எழுதிவிட்டார். நனைந்த தாளை உலர்த்தும் முறையைக் கொழும்பிலிருந்து ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கைப்பட எழுதி அனுப்பினார். பிஜியிலிருந்து ஒரு பெட்டி நிறைய உறிஞ்சுதாள் வந்தது. பெட்டியின் மேல் "கடலூர் நண்பர்களுக்கு" என்று எழுதியிருக்கிறது. நான் அதை இன்னும் பிரிக்கவில்லை.

7. பத்து நாட்களுக்கு முன் புஷ்பவள்ளி அம்மாளே வந்துவிட்டார். இறந்துபோன தமையனாரின் அஸ்தியைத் தாத்தா பிறந்த ஊர்த் தண்ணீரில் கரைக்க வேண்டுமாம், அது தமையனாரின் கடைசி ஆசை. சிதம்பரத்தில் விடுதி எடுத்துத் தங்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, வெள்ளத்துல உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்பதுதான். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அந்த ஒன்றுதான் நான் அவரிடம் சொன்ன உண்மை.

8. செய்த பாவம் போதாதென்று, "சேத்தியாத்தோப்புல வெள்ளாத்துல கரைச்சிடுங்கம்மா, தாலுகாவுல பாதிக்கு அந்தத் தண்ணிதான்" என்று நானே யோசனை சொல்லி அழைத்துப் போனேன். அவர் தண்ணீரில் இறங்கினார், கலசத்தின் துணியை அவிழ்த்தார், பிறகு மறுபடியும் கட்டிக்கொண்டு கரையேறிவிட்டார். "ஊரு தெரியாம ஊத்துனா அண்ணன் வழி தெரியாம நிப்பாருங்கண்ணே. நான் திரும்ப எடுத்துட்டே போயிடறேன்" என்றார். சனிக்கிழமை அவருக்கு விமானம்.

9. நேற்று, சிதம்பரத்தில் ஆவணச் சீரமைப்புப் பணி செய்யும் திருமதி சந்திரலேகாவிடம் அப்பக்கத்தின் படத்தைக் காட்டினேன். "மேல இருக்கறது தூளா வந்துடும் சார். அடியில மை அப்படியேதான் இருக்கும். ஒரு நாள் போதும். ஆனா அசல் வேணும், உங்க ஆபீஸ் ஆர்டரும் வேணும்" என்றார். தங்கள் எழுத்து உத்தரவின்றி அசல் பேரேடு கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. இன்னொரு பொய்யோ விதிமீறலோ இனி என்னால் ஆகாது.

10. ஆகவே, பேரேட்டைச் சிதம்பரம் கொண்டுசெல்ல இன்றே உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன். பினாங்குக்கும் மற்ற காப்பகங்களுக்கும் அனுப்ப உண்மைக் கடிதம் ஒன்றை எழுதி இணைத்துள்ளேன். அதில் தங்கள் பெயர் வேண்டாம், என் பெயர் மட்டும் இருக்கட்டும். என்னைப் பணியிடை நீக்கம் செய்வது முறைதான். ஆனால் சாவியை ஒப்படைத்துப் பதிவுகளைச் சரிபார்க்கவே மூன்று நாள் பிடிக்கும், அதன்பின் பக்கத்தைச் சுத்தம் செய்வதற்குள் அந்த அம்மாள் போய்விடுவார். எனவே தண்டனையை மட்டும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்குமாறு வேண்டுகிறேன்.

11. அந்த அம்மாள் இந்த நிமிடம் வரை எனக்கு நன்றி மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை ஐயா. உண்மை தெரிந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டட்டும். ஊர்ப் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு திட்டட்டும்.

தலைகுனிந்து,
கொ. அறிவுமதி

இடம்: கடலூர்
நாள்: 18.03.2025

இணைப்பு: பேரேட்டின் முதல் பக்கப் படம் – 1, பினாங்குக்கு எழுதிய உண்மைக் கடிதம் – 1.