பன்னிரண்டு வினாடிப் படம்

4 மார்ச் 2024, திங்கள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு? முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருளைப் புத்தகம் பார்த்துப் படிக்கிறேன் என்று ஃபேக்டரி கேண்டீனில் பீற்றிக்கொண்டேன். இன்று மேனேஜர் விமலன் கூப்பிட்டார். போன மாதம் எட்டாம் மெஷினில் காந்தன் அண்ணனின் மூன்று விரல் போனதே, அது எப்படி நடந்தது என்று ஓர் அனிமேஷன் வேண்டுமாம். 19ஆம் தேதி தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வருகிறார். "பன்னெண்டு செகண்ட் போதும் சிசிலியா. உன்னால முடியும்லா."

நான் இன்னும் நான்காம் பாடம். பந்து துள்ளுவதே ஒழுங்காக வரவில்லை.

6 மார்ச்

கை செய்தேன். கரண்டி மாதிரி இருக்கிறது. விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க வேண்டுமாம். மூன்று இழுத்ததும் எழுந்து போய்விட்டேன்.

8 மார்ச்

அளந்த பிறகே கட்டு என்கிறது ஐந்தாம் பாடம். டேப்போடு எட்டாம் மெஷினுக்குப் போனேன். கையை உள்ளே விடாமல் தடுக்கும் பாதுகாப்புக் கதவு புத்தம் புதிது. ஒரு கீறல் இல்லை. பக்கத்து மெஷின் மலர்க்கொடி அக்கா காதோரம் சொன்னார்: "பழைய டோர் தைப்பூசத்துக்கு முன்னமே ஒடஞ்சிருச்சும்மா. இது காந்தன் ஆஸ்பத்திரி போனப்புறம் போட்டது."

மாதாவே! பிப்ரவரி மாதப் பாதுகாப்புச் சோதனைப் பட்டியலில் 'கதவு உண்டு' என்று டிக் அடித்தது யார்? நான்தான். மேசையை விட்டு எழுந்திருக்காமலே. மாதா மாதம் அப்படித்தான்.

12 மார்ச்

கதவில்லாமல் செய்யட்டுமா என்று விமலனிடம் கேட்டேன். "கதவு இருந்துச்சு, அவந்தான் தொறந்து கைய விட்டான். டிக்குக்குக் கீழ உன் கையெழுத்துதானே? உனக்காகவுந்தான் சொல்றேன்."

15 மார்ச்

கதவு போட்டேன்.

18 மார்ச்

கை இங்கே தொடங்கி அங்கே முடிகிறது என்று காட்டினால் போதும், நடுவில் உள்ள அசைவை மென்பொருளே நிரப்பிவிடுகிறது. நடக்காதது நிஜமாகவே நடந்த மாதிரி இருக்கு. பயமாயிருக்கு. காந்தன் அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? வேலை போச்சுன்னா நானும் பிள்ளைங்களும் எங்க போவோம்?

19 மார்ச்

விசாரணை அறையில் காந்தன் அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, "நான்தான் தொறந்தேனா? எனக்கு ஒன்னும் ஞாபகமே இல்ல. அப்ப என் தப்புதான்," என்றார். பக்கத்தில் இருந்த மனைவியிடம், "மன்னிச்சுக்க அகல்யா" என்றார்.

ஐயோ, அவரே நம்பிட்டாரு!

மென்பொருளைத் திறந்து, எல்லார் கண் முன்னாலும் கதவை அழித்தேன். மறுபடி ஓட்டினேன். திரையில் அந்தக் கை வெறும் காற்றைப் பிடித்து இழுத்துவிட்டு உள்ளே போனது. கதவு எங்கே என்று அதிகாரி கேட்டார். அன்று அங்கே கதவே இல்லை என்றேன். உண்டு என்று டிக் அடித்தது நான்தான் என்றேன். விமலன் பக்கம் திரும்பவே இல்லை.

21 மார்ச், வியாழன்

எட்டாம் மெஷினை நிறுத்திவிட்டார்களாம். என்னையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளை நான் அந்த அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் அகல்யா அண்ணி தன் ஊர் பெம்பானிலிருந்து பஸ் ஏறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உன் மேல கோவந்தான் சிசிலியா. அது போவாது. ஆனா நாளைக்குத் தனியா போவாதே, நான் வரேன்."