ஐம்பத்துநாலாம் ஆண்டுப் பக்கம்

உடுப்பிட்டி
14.02.1993

அன்புள்ள பரமலிங்கத்துக்கு,

ஆழ்வாப்பிள்ளை சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அருந்ததி ரீச்சர் எழுதும் கடிதம். நானும் மனைவி அருமைநாயகியும் இருக்கிறோம். லண்டன் குளிருக்கு உன் முழங்கால் எப்படி என்று எழுது. மண்ணெண்ணெய் இல்லாதபடியால் பொழுதுபட முன் இதை முடிக்கவேண்டும்.

நீ அனுப்பிய எங்கள் உதைபந்தாட்டக் கழகத்து நாற்பதாம் ஆண்டு மலர் கிளாலிக் கடல் தாண்டி, ஒரு மூலை நனைந்து, தை முடிவில் வந்து சேர்ந்தது. வழுவழுப்பான தாள். கழகத்தின் வரலாறும் பழைய ஆட்டக்காரரின் படங்களும் இருக்கின்றன. போன ஆவணியில் கண்ணை மூடின, எங்கள் கோல் காத்த கனிசியஸ் இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று முதலில் கவலைப்பட்டேன். இப்போது அந்தக் கவலை இல்லை.

ரீச்சரிடம் கொடுத்து ஐம்பத்துநாலாம் ஆண்டு இறுதி ஆட்டத்தை வாசிக்கச் சொன்னேன். வெற்றிக் கோலைப் பரமலிங்கம் போட்டார் என்று வாசித்தாள். என் பெயர் எங்கே என்று கேட்டேன். தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தாள். இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்து உதவியவர்களில் ஒருவனாம் நான்.

அச்சடித்தவர்கள் பிழைவிட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை. வல்வெட்டித்துறைக்காரரோடு, முதல்நாள் மழைச் சேற்றில், வெறுங்காலோடு ஆடின ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. முடிய இரண்டு நிமிடம் இருக்க, மூலையிலிருந்து நீ உதைத்தாய். நான் எழும்பித் தலையால் அடித்தேன். அந்தக் காலத்துப் பந்தின் வாயைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். அந்த முடிச்சு என் நெற்றியைக் கிழிக்க, பந்து உள்ளே போனது. இரத்தத்தை உன் பெனியனால் துடைத்துவிட்டு நீதான் சொன்னாய்: "பள்ளிக்கூடம் போகாத உனக்கு நெத்தியிலை எழுத்து விழுந்திட்டுதடா." நானும் இரத்தத்தோடு சிரித்தேன்.

பிழையைக் காட்டவேண்டும் என்று கழகக் கொப்பியை எடுத்தேன். செயலாளராக இருந்து நீ உன் கையால் எழுதிய கொப்பி. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் கழகக் கூட்டத்தில் எழும்பி நின்று வாசிப்பாய். "ஆழ்வாப்பிள்ளையின்ரை தலையாலை விழுந்த கோல்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவாய். கனிசியஸ் விசில் அடிப்பான். முப்பது வருடம் இருந்து கேட்டேன். அந்தக் கொப்பியை வேறு ஒருவர் கையிலும் நீ கொடுத்ததில்லை. எண்பத்துநாலில் மகனிடம் போகும்போதுதான் என்னிடம் தந்தாய். உன்ரை பேர் இருக்கிற கொப்பி, நீதான் காக்கவேணும் என்றாய்.

காத்தேன். எண்பத்தேழில் ஆமி வர ஊரே ஓடியபோது, அருமைநாயகி தையல் மெசினைச் சைக்கிளில் கட்டச் சொன்னாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கழகக் கொட்டிலுக்கு ஓடினேன். கொப்பி அங்கே பெட்டிக்குள் இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்ப, ஷெல் விழத் தொடங்கிவிட்டது. மெசினை விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினோம். வந்து பார்த்தபோது கொட்டில் சாம்பல். வீட்டில் மெசின் கருகின இரும்பு. அவளுடைய தையலில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது என்பது உனக்குத் தெரியாததல்ல. இப்போது கையால் தைக்கிறாள்.

ரீச்சர் கொப்பியின் ஐம்பத்துநாலாம் ஆண்டுப் பக்கத்தை வாய்க்குள் வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினாள். சத்தமாக வாசி பிள்ளை என்றேன். வெற்றிக் கோல், பரமலிங்கம். மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். வெட்டி எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். வெட்டு இல்லை, ஒரே மை, ஒரே கை என்றாள்.

அப்போ, எழுதும்போதே அப்படித்தான் எழுதியிருக்கிறாய். அதில் இல்லாத பெயரை முப்பது வருடம் என் முகத்தைப் பார்த்து வாசித்திருக்கிறாய். கோலை எடுத்ததையாவது பொறுப்பேன், பந்தைத் தந்தது நீ. வாசித்ததை எப்படியடா பொறுப்பேன்?

அடுப்படியில் நின்று கேட்ட அருமைநாயகி சொன்னாள்: "மெசின் போனதுக்கு எனக்கு இண்டைக்குத்தான் அழுகை வருது."

பக்கத்து ஓரத்தில் என் பெயரை எழுதிவிடட்டோ என்று ரீச்சர் கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுபதிப்புக்குக் கொப்பியை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறாய். கொடுத்துவிட மாட்டேன். மலரைத் திருத்தச் சொல்லியும் கேட்கமாட்டேன். சண்டை நின்று பாதை திறக்கும் காலத்தில் நீ வா. எனக்கு முன்னால் இருந்து, அருமைநாயகியும் கேட்க, அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசி. எழுதியிருக்கிறபடி வாசி. அதுவரைக்கும் உன் கண்பார்வை மங்காமல் முருகன் காக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

கீழே என் பெயரை ரீச்சர் எழுதுகிறாள். நல்ல பிள்ளை, பொய் எழுதமாட்டாள். ஆனாலும் சந்திக் கடையில் இன்னொருவரிடம் காட்டி, என் பெயர்தானா என்று கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஆழ்வாப்பிள்ளை